சுமத்ராவில் அண்ணனுக்கு ஒரு வீடு

என் அண்ணன் சுல்தான் சுமத்ராவில் ஒரு மலைக்கிராமத்தில் வீடும் நிலமும் வாங்கப் போகிறார் என்று கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எங்கள் திண்டுக்கல் பேகம்பூரில் யார் வீட்டிலாவது மவுத்து, அதாவது சாவு, விழுந்தால்தான் அப்படி இருக்கும். அம்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அதற்கு முன்பே ஒருமுறை நாங்கள் அண்ணனைப் பறிகொடுத்துத் திரும்பப் பெற்றிருந்தோம். யுத்தத்துக்கு முன்பு, பாடாங் நகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த நம் பக்கத்து முதலாளி ஒருவரிடம் வேலைக்குப் போனவர் அவர். ஜப்பான்காரன் வந்தபிறகு தகவலே இல்லை. பெற்ற அத்தா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். யுத்தமெல்லாம் ஓய்ந்த பிறகுதான், உயிரோடு இருக்கிறேன், மலைமேல் ஒரு கிராமத்தில் இருக்கிறேன், கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகள் என்று எழுதினார். இன்று வருவான், நாளை வருவான் என்று அம்மா காத்திருந்தார். செம்பட்டிக்குப் பக்கத்தில் அத்தா விட்டுப்போன கிணற்றுத் தோட்டத்தில் அண்ணனுடைய பங்கை நாங்கள் யாரும் தொடவில்லை. அந்த நேரத்தில்தான் வீடு வாங்குகிற கடிதம் வந்தது. பேச்சை முடிக்க எங்கள் ரத்த சொந்தத்தில் ஓர் ஆள் நேரில் வந்து உட்கார வேண்டும் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள் என்றும் அதில் எழுதியிருந்தார்.

மறுநாள் காலையில் அம்மா எழுந்து உட்கார்ந்தார். "அங்க வீடு வாங்குறவன் இங்க எதுக்கு வரப்போறான்? நீ போ அனிபா. போயி கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா" என்றார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் ஆட்டுத்தோல் வியாபாரத்தில் இருந்தேன். மிஞ்சிப் போனால் அய்யலூர் ஆட்டுச்சந்தை, மதுரை, எப்போதாவது மதராஸ். கடல் தாண்டுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. கப்பலில் பட்ட பாட்டை எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

பாடாங்கிலிருந்து மலைக்குப் போகும் பஸ் பலகையால் கட்டியது. கூரைமேல் கோழிக்கூடை, வாழைத்தார், மூங்கில் கட்டு, இரண்டு ஆடு. ஆடுகளைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எங்கள் சிறுமலைப் பாதையில் போய் வந்தவன் என்பதால் வளைவுகளுக்கு நான் பயப்படவில்லை. ஆனால் பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஓர் ஏற்றத்தில் பஸ் திணறி நின்று, மெல்லப் பின்னால் நழுவ ஆரம்பித்தது. படியில் தொங்கிக்கொண்டு வந்த ஆள் கையில் ஒரு மரக்கட்டையோடு குதித்து ஓடிச் சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகினார். அவருக்கு அதுதான் வேலை. பஸ்ஸில் யாரும் பதறவில்லை. இறங்கினார்கள், தள்ளினார்கள், மறுபடி ஏறினார்கள். நான் மட்டும் உயிர் போகும் நேரத்தில் சொல்லும் கலிமாவை முழுவதும் சொல்லி முடித்திருந்தேன்.

என் நிலைமையைக் கவனித்த ஒரு நடுத்தர வயதுப் பெண், மடியிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதிச் சோற்றை என் பக்கம் தள்ளினார். சோற்றின்மேல் சிவப்பாக ஒரு மீன் துண்டு. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் விடவில்லை. தின்றேன். மிளகாய் உச்சந்தலைக்கு ஏறியது. நம் ஊர்ப் புளியும் மல்லியும் இல்லாத குழம்பு. தேங்காய்ப்பாலும் மிளகாயும் மட்டுமே பேசின. கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அந்தம்மா பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்ல, பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "பாவம், வீட்டை நினைத்து அழுகிறான்" என்று அவர் சொன்னதாகக் கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு வியாபாரி எனக்கு விளக்கினார். மிளகாய்தான் காரணம் என்று நான் திருத்தவில்லை.

பஸ் நின்ற இடத்திலிருந்து குதிரை வண்டி. நம் ஜட்கா போலத்தான், கழுத்துமணி மட்டும் அதிகம். மழை விட்டிருந்தது. ஒரு பாலத்தருகே தலையில் கறுப்புத் தொப்பியும் இடுப்பில் கைலியுமாக ஒருவர் நின்றிருந்தார். வண்டிக்காரர் அவரிடம் ஏதோ சொன்னார். அவர் அசையாமல் என்னையே பார்த்தார். "ஏலே அப்பு" என்று சின்ன வயதில் என்னைக் கூப்பிட்டது போலவே கூப்பிட்டார். அந்தக் குரலை வைத்துத்தான் எனக்கு அண்ணனைத் தெரிந்தது.

வண்டியை விட்டு இறங்கினேன். என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அத்தா கடைசியில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அண்ணன் இருந்த வீடு அவருடைய மனைவி நூருடைய தாய்வழி வீடு. பெரிய மரவீடு. கூரையின் இரண்டு முனையும் எருமைக்கொம்பு மாதிரி வானத்தைப் பார்த்து வளைந்திருந்தன. நூர், நூருடைய தாய், சின்னம்மாக்கள், அக்கா தங்கைகள் எல்லாரும் ஒரே கூரைக்குள். அந்த நாட்டில் சொத்து பெண்ணிலிருந்து பெண்ணுக்குப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். எங்கள் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் டீக்கடையில் கேலி பேசுவார்கள். இங்கே எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடு மாப்பிள்ளைதான். புது மாப்பிள்ளைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மாரபுலாய்' என்று அண்ணன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் சொல்லே கடல் தாண்டிப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தது. கடைக்கு 'கடாய்', கப்பலுக்கு 'கப்பா'.

நூர் மதினி அதிகம் பேசாதவர். என்னை விடச் சற்று மூத்தவராக இருக்கலாம். யுத்த காலத்தில் பாடாங்கிலிருந்து மலைக்கு ஓடிவந்த அண்ணன் விஷக்காய்ச்சலில் பாதையோரம் விழுந்து கிடந்தபோது, அவரைத் தூக்கி வந்து கஞ்சி ஊற்றியது நூருடைய வீடு. அதை அண்ணன் முன்பே எழுதியிருந்தார். ஆனால் எழுத்தில் படிப்பது வேறு. அந்தப் பெண் என் எதிரே தட்டு வைத்து, நான் முதல் கவளம் விழுங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்ப்பது வேறு. என் தட்டில் மட்டும் மிளகாய் குறைவாக இருந்தது. பஸ் கதை எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

மறுநாள் ஊரைச் சுற்றினேன். என்னை அசத்தியது தண்ணீர்தான். வீட்டுக்கு வீடு குளம், குளத்தில் மீன், குளம் நிரம்பி வாய்க்கால், வாய்க்கால் வழிந்து வயல். யாரும் ஒரு குடத்தைக்கூடத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சித்திரை மாதத்தில் எங்கள் தெருவில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விடியும்வரை காவல் இருந்தவன் நான். ஒரு வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு, "இம்புட்டுத் தண்ணியும் எங்கண்ணே போகுது?" என்று கேட்டேன். "அதப் பத்தி இங்க யாரும் கவலப்பட்டதில்லடா" என்றார்.

வாங்கப்போகும் வீட்டையும் காட்டினார். நூருடைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு மீன்குளம், பின்னால் சரிவில் லவங்கப்பட்டை மரங்கள். ஒரு தையல்காரர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது. அவர் பிழைப்புக்காக ஜாவாவுக்குப் போகிறார். வம்சத்துச் சொத்தை அங்கே விற்க முடியாது. இப்படிச் சம்பாதித்த சொத்தைத்தான் விற்கலாம். அண்ணன் வெளிநாட்டுக்காரர் என்பதால் அவர் பெயரில் எழுத வழியில்லை. நூர் பெயரில் எழுதி, பிறகு அது பெண் பிள்ளைகளுக்குப் போகும்.

எனக்கு உள்ளே சுருக்கென்றது. அம்மா பயந்தது சரிதான் என்று பட்டது. ஊரில் காத்திருக்கும் பங்கை விட்டுவிட்டு, பேருக்குக்கூடத் தனக்கென்று இல்லாத ஒரு வீட்டை வாங்குகிறார். அவரைத் திரும்பிப் போகவிடாமல் கட்டிவைக்க இவர்கள் போட்ட யோசனை இது என்று நினைத்தேன். செம்பட்டித் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா சொல்லியனுப்பியதையும் அப்படியே சொன்னேன். அண்ணன் லவங்கப்பட்டை மரத்தை நகத்தால் சுரண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.  வரமாட்டேன் என்றாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போனோம். அங்கே மட்டும் எனக்கு எதுவும் அந்நியமாக இல்லை. தொழுது முடித்ததும் ஊரே என்னிடம் வந்து கைகொடுத்தது. "சுல்தானின் தம்பி, சுல்தானின் தம்பி" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டே போனார். கைகொடுத்த பலர் என் முகத்தில் அண்ணனின் ஜாடையைத் தேடினார்கள். இத்தனை வருஷமும் அவரை சொந்தபந்தம் யாரென்று தெரியாத ஆளாகவே அவர்கள் பார்த்து வந்திருக்கிறார்கள் என்பது அப்போது உறைத்தது.

பேச்சு முடிந்தால் விருந்து வைக்க வேண்டும். நம் ஊர் தர்கா விருந்தைப் போல அங்கே அதற்கும் கந்தூரி என்றே பெயர். ஆடு வாங்க அண்ணனோடு கால்நடைச் சந்தைக்குப் போனேன். சந்தை என்றால் சத்தம் இருக்க வேண்டாமா? அங்கே யாரும் விலை சொல்லிக் கத்தவில்லை. இரண்டிரண்டு பேராக நின்று, தோளில் போட்டிருந்த ஒரு கைலிக்குள் இருவரும் கையை விட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி தலையை ஆட்டினார்கள். நான் நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். அய்யலூரில் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதேதான். "அண்ணே, நீங்க சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு கிடாயின் முதுகைத் தடவி, பல்லைப் பார்த்து, அதன் சொந்தக்காரரின் தோள் கைலிக்குள் என் கையை நீட்டினேன். விரல் கணக்கில் ஏதோ வித்தியாசம் இருந்தது. முதலில் அவர் முகம் சுளித்தார், பிறகு நான் சுளித்தேன், பிறகு இருவரும் சிரித்துவிட்டோம். ஒரு வார்த்தை பேசாமல் ஆடு எங்களுடையதாயிற்று. வரும் வழியெல்லாம் அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது சின்ன வயதில்தான்.

அந்தச் சிரிப்பின் தெம்பில், வீடு வந்து சேர்ந்ததும், நூர் மதினியிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் முற்றத்தில் பாய்விரித்து நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். "எங்கண்ணன எங்கம்மாகிட்ட அனுப்பி வைப்பீங்களான்னு கேளுங்கண்ணே" என்றேன். அண்ணன் தயங்கினார். கேளுங்கள் என்றேன். கேட்டார்.

நூர் நெல்லைத் துழாவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். நிதானமாக, நீளமாகப் பேசினார். அண்ணன் கேட்டுக்கொண்டே நின்றார். மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லடா."

நூர் அவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். 'சொல்லிவிடுங்கள்' என்பது போல இருந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு துண்டு துண்டாகச் சொன்னார்.

"இவரு அம்மாவப் பாக்கப் போறதா இருந்தா இன்னைக்கே போகட்டும்னு சொல்றா. நான் எப்பவும் தடுத்ததில்ல, வழியும் நெலமையும்தான் தடுத்துச்சுன்னு சொல்றா." நிறுத்தினார். நூர் விடவில்லை. "இங்க உள்ள வழக்கம், பொண்டாட்டி முந்தி மவுத்தாயிட்டா புருஷன் அந்த வீட்டுல இருக்க முடியாது. அவன் அவங்கம்மா வீட்டுக்கு, அக்கா தங்கச்சி வீட்டுக்குப் போயிறணும். அப்படிப் போக எடமில்லாத கெழவனுங்க பள்ளிவாசல் ஓரமா இருக்குற தொழுகை வீட்டுல போயிப் படுத்துக் கெடப்பாங்க." அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இவருக்கு முந்தி நான் போயிட்டா... அதாவது அவ போயிட்டா... இவரு எங்க போவாரு? இவரோட அம்மா வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. அதான் ஒரு வீடு வேணும்னு சொல்றா. எம்பேர்ல இருந்தாலும் அது இவரு வீடு, மக்க ரெண்டு பேரும் இவர எந்திரிங்கன்னு சொல்லக்கூடாதுன்னு எழுதணுமாம்."

சொல்லி முடித்ததும் அண்ணன் ஆடு கட்டியிருந்த பக்கம் போய்விட்டார். நூர் மறுபடி நெல்லைத் துழாவ ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. காய்ந்த நெல்லின் மேல் ஒன்றிரண்டு சொட்டு விழுந்ததை நான் பார்த்தேன். அவர்கள் மொழியில் நான் சொல்லக் கற்றிருந்த ஒரே வார்த்தை 'நன்றி'. அந்த இடத்துக்கு அது போதாது என்று தோன்றியதால் பேசாமல் நானும் உட்கார்ந்து நெல்லைத் துழாவினேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவர்கள் கூடினார்கள். நடுவில் நூருடைய தாய்மாமன். அந்த வம்சத்துக்குத் தலைவர். ஊரே அவரை டத்துக் என்று மரியாதையாக அழைத்தது. அவருக்காக நான் திண்டுக்கல் சுருட்டு கொண்டுபோயிருந்தேன். ஒரே இழுப்பில் இருமல் வந்து, பிறகு சுருட்டை அணைத்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். தேங்காய்ச் சிரட்டையில் காப்பி இலைக் கஷாயம் வந்தது. காப்பிக் கொட்டையை விற்றுவிட்டு இலையைக் குடிப்பது அந்த ஊர்ப் பழக்கம். புகைவாசனையோடு குடிக்க நன்றாகத்தான் இருந்தது.

டத்துக் என்னிடம் நேரே விஷயத்துக்கு வந்தார். அண்ணன் மொழிபெயர்த்தார். ஆண்பிள்ளை என்பவன் எங்களிடம் கடைசிவரை தாய் வீட்டுக்குச் சொந்தமானவன். அந்தத் தாயைக் கேட்காமல் அவனை இங்கே வேர்விட வைப்பது எங்களுக்கு அழகல்ல. அதனால்தான் உங்களை வரவழைத்தோம். உங்கள் தாய் இதற்குச் சம்மதமா?

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நூர் பெண்கள் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சம்மதம் என்று ஒரு வார்த்தை பொய் சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அண்ணனை அழைத்து வா என்று சுவரில் சாய்ந்து சொன்ன அம்மாவின் முகம் எதிரே நின்றது.

"சம்மதம்னு எங்கம்மா சொல்லல" என்றேன். அண்ணன் திகைத்து என்னைப் பார்த்தார். அப்படியே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். நான் தொடர்ந்தேன். "கூட்டிட்டு வான்னுதான் அனுப்பிச்சாங்க. ஆனா மதினி எங்கிட்டச் சொன்னத எங்கம்மா கேட்டிருந்தா, அவங்களே வந்து இங்க உக்காந்து, எழுதிக் குடுங்கன்னு சொல்லியிருப்பாங்க. அம்மாகிட்ட நான் போயிச் சொல்றேன். அவங்க கோவப்பட்டா அது எனக்கும் அவங்களுக்கும். இந்த வீட்டக் கேட்டு எங்க வீட்டுலருந்து யாரும் வர மாட்டாங்க."

இதை மொழிபெயர்க்க அண்ணனுக்கு வெகுநேரம் ஆனது. டத்துக் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்போது இந்த ஊருக்கு சுல்தானின் ஆட்களைத் தெரியும்" என்றார். மறுநாள் என் கிடாய் கந்தூரிச் சட்டியில் வெந்தது. நான் கொண்டுபோன மல்லித்தூளைப் போட்டு, எங்கள் பக்கத்துக் குழம்பு ஒன்றை அண்ணனும் நானும் சேர்ந்து வைத்தோம். ஊரார் மரியாதைக்கு ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு, காரம் போதாது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

புறப்படும் நாளில் பாலம் வரை நூரும் வந்தார். என் தலையில் கைவைத்து ஏதோ ஓதினார். அண்ணன் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். வண்டி வேகம் எடுத்ததும் விட்டுவிட்டார்.

திண்டுக்கல்லில் இறங்கியபோது உச்சி வெயில். வீட்டு வாசலில் நான் மட்டும் நின்றதைப் பார்த்ததும் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். கை கால் கழுவச் சொன்னார். சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடித்தபிறகுதான், "சொல்லு" என்றார். பஸ், தண்ணீர், ஆட்டுச்சந்தை எல்லாம் சொன்னேன். அதற்கெல்லாம் முகத்தில் அசைவில்லை. நெல் காயவைத்த முற்றத்தின் கதைக்கு வந்தேன். நூர் சொன்னதை அண்ணன் சொன்ன மாதிரியே சொன்னேன். கூட்டத்தில் நான் சொன்னதையும் மறைக்கவில்லை.

"அந்தப் புள்ள சொன்னத இன்னொரு தடவ சொல்லு" என்றார் அம்மா.

சொன்னேன்.

அம்மா முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டார். "அவன் அங்கேயே இருக்கட்டும். ஆனா அவ அவனுக்கு முந்திப் போயிறக் கூடாது. அதுக்கு துவாச் செய்யி. நானும் செய்றேன்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அம்மாவின் துவா கொஞ்சம் நீளமானது. பார்த்தறியாத ஒரு பெண்ணின் பெயர் அதில் சேர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் உள்நாட்டுச் சண்டை வந்தது. கடிதங்கள் நின்றன, மறுபடி வந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில் அம்மா காலமானார். அதற்குச் சில வருஷங்கள் கழித்து அண்ணனின் மூத்த மகள் எழுதியிருந்தார். எங்கள் அத்தா புது வீட்டில், தன் கட்டிலில், நூர் பக்கத்தில் இருக்க அமைதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று.

நூருக்குப் போவதற்கு அவருடைய தாய்வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே இடமும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். எல்லாரும் வந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நூர் அசையவில்லை. அண்ணனின் கட்டிலருகே தன் பாயை விரித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்:

"இது அவருடைய வீடு. அவருக்காக இதில் ஓர் ஆள் இருக்க வேண்டாமா?"